ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும் சொற்களைப் பைத்தானில் குறிப்பது எப்படி?

'கடகடகட' என்ற வரியில் 'கடகட' வரும் இடத்தையெல்லாம் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும், ரீப்ளேஸ் ஒரு இடத்தை மட்டுமே பிடிக்கிறது என்கிறீர்கள். அது அப்படித்தான் வேலை செய்யும். ரீப்ளேஸ், கவுண்ட், ரெஜெக்ஸின் (எழுத்துகளின் வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) ஃபைண்ட்ஆல் எல்லாமே ஒன்று சிக்கியதும் அது முடிந்த இடத்திலிருந்துதான் அடுத்ததைத் தேடும், அதனால் நடுவில் தொடங்குகிற இரண்டாவது 'கடகட' கண்ணிலேயே படாது.

ஃபைண்டை ஒரு லூப்பில் போட்டு, கிடைத்த இடத்தோடு ஒன்று கூட்டி அங்கிருந்து மறுபடி தேடுங்கள். எழுத்துகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 0, 2 என்ற இரண்டு இடங்களும் வந்துவிடும். ரெஜெக்ஸ்தான் வேண்டுமென்றால் பேட்டர்னை லுக்அஹெட்டுக்குள் (எழுத்தை விழுங்காமல் முன்னே எட்டிப் பார்க்க மட்டும் செய்வது) ஒரு குரூப்பாக வைக்கலாம், ஆனால் தொடக்கமும் முடிவும் அந்தக் குரூப்பிடம் கேட்க வேண்டும்; மொத்த மேட்சிடம் கேட்டால் நீளம் பூஜ்யம் என்று கையை விரிக்கும். இதில் எனக்கு ஒருமுறை அரை நாள் போனது.

தேடுவதைவிடக் குறிப்பதில்தான் சிக்கல். கிடைக்கக் கிடைக்க அடைப்புக்குறியைச் செருகினால் வரி நீண்டு, அடுத்த எண்கள் எல்லாம் தப்பாகிவிடும். நான் செய்வது இது: வரியின் நீளத்தைவிட ஒன்று அதிகமாகப் பூஜ்யங்கள் கொண்ட லிஸ்ட் எடுத்து, தொடங்கும் இடத்தில் ஒன்று கூட்டி, முடிந்த இடத்துக்கு அடுத்ததில் ஒன்று கழிப்பேன். அப்புறம் இடமிருந்து கூட்டிக்கொண்டே போனால் நம் வரிக்கு 1, 1, 2, 2, 1, 1, கடைசியில் 0. பூஜ்யத்திலிருந்து ஏறும்போது குறியைத் திற, மறுபடி பூஜ்யமானால் மூடு, அவ்வளவுதான். 2 வந்த எழுத்துகள் இரண்டு பொருத்தத்துக்கும் பொது, ஹெச்டிஎம்எல்லில் அதற்கு அடர்ந்த நிறம் கொடுத்தால் பார்க்க நன்றாக இருக்கும்.

தமிழுக்கென்று தனியாக ஒரு வம்பு இருக்கிறது. 'கட' என்று தேடினால் 'கடை'யும் மாட்டும், ஏனென்றால் யூனிகோடில் 'டை' என்பது ட, அதன்பின் ஐகாரக் குறி என்று இரண்டு துண்டு. மூடும் அடைப்புக்குறி அந்த இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார, கொம்பு தனியாகப் பிய்ந்து புள்ளிவட்டத்தோடு தொங்கும். பொருத்தம் முடிந்ததும் அடுத்த துண்டின் வகையை யூனிகோட்டேட்டா மாட்யூலில் கேளுங்கள், 'எம்' என்ற எழுத்தில் தொடங்கினால் உயிர்க்குறி அல்லது புள்ளி. அந்தப் பொருத்தத்தை நான் விட்டுவிடுவேன், 'கடை'யில் 'கட' இருப்பதாக யாரும் படிப்பதில்லையே.