மாடலை நம்பி வெட்டிய டக்ட்: நஷ்டம் யார் தலையில்?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஏசி டக்ட் (குளிர்காற்று போகும் தகடுக் குழாய்) செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். கடலூரில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் சப் கான்ட்ராக்ட் எடுத்தோம். மெயின் கான்ட்ராக்டர் அனுப்பிய பிம் மாடலில் (கட்டடத்தின் முப்பரிமாணக் கணினி மாதிரி) பீம் ஆழம் 450 மி.மீ. அதன்படி டக்ட் வெட்டினோம். சைட்டில் பீம் 600! டக்ட் நுழையவில்லை, மறுபடி செய்ததில் ரூ.4.8 லட்சம் கூடுதல் செலவு. 'மாடல் சும்மா பார்வைக்குத்தான்' என்று கையை விரிக்கிறார்கள். பணம் கிடைக்குமா?

பதில்: வாய்ப்பு இருக்கிறது. முதலில் ஒர்க் ஆர்டரை எடுத்து, டிராயிங்கும் மாடலும் முரண்பட்டால் எது செல்லும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 'மாடல் தகவலுக்கு மட்டும்' என்று போட்டு, 600 காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கையும் உங்களுக்குக் கொடுத்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். அப்படி எதுவும் இல்லாமல், 'இந்த மாடல்படி செய்யவும்' என்று மெயில் வந்திருந்தால் 'சும்மா பார்வைக்கு' என்ற பேச்சு எடுபடுவது கஷ்டம்.

அதைவிட ஆபத்தான வரி ஒன்று உண்டு: 'அளவுகளைச் சைட்டில் சரிபார்ப்பது சப் கான்ட்ராக்டர் பொறுப்பு.' பெரும்பாலான ஒர்க் ஆர்டர்களில் இருக்கும். கையெழுத்துப் போடும்போது யார் படிக்கிறார்கள்? இதற்கான பதில் தேதியில் இருக்கிறது. நீங்கள் தகடு வெட்டிய அன்று அந்த பீமுக்குக் கான்கிரீட் போட்டாயிற்றா? போடவில்லை என்றால் டேப்பைப் பிடித்து எதை அளப்பது? போட்டு, சென்ட்ரிங் பிரித்து, பீம் கண்ணெதிரே நின்றிருந்தால் அளக்காமல் விட்டது உங்கள் மேல்தான் வரும். சைட்டின் கான்கிரீட் பதிவேட்டு நகலையும் உங்கள் பட்டறைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாடல் போட்ட கன்சல்டன்ட் மேல் பாய வேண்டாம். அவரோடு உங்களுக்கு ஒப்பந்தமே இல்லை. ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 73ஆம் பிரிவின்படி மெயின் கான்ட்ராக்டரிடமே நஷ்டஈடு கேளுங்கள். அவர் கன்சல்டன்டோடு பேசிக்கொள்ளட்டும்.

ஷேர்டு ஃபோல்டரில் இன்று போய்ப் பார்த்தால் 600 என்று திருத்திய ரிவிஷன் உட்கார்ந்திருக்கலாம். அதனால் உங்களுக்கு முதலில் வந்த ஃபைலை, வந்த மெயிலோடு அப்படியே பத்திரப்படுத்துங்கள். அதைத் திறந்து மறுபடி சேவ் செய்யவே கூடாது. 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழ் தர வேண்டும். அதில் ஃபைலின் ஹேஷ் மதிப்பைக் (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு; ஃபைல் சிறிது மாறினாலும் இதுவும் மாறிவிடும்) குறிப்பிட வேண்டும்.

அப்புறம், ஃபைனல் பில்லில் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துக் கேட்பார்கள். 'ஆட்சேபத்துடன்' என்று எழுதாமல் போடாதீர்கள்.

ஒர்க் ஆர்டரில் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) ஷரத்து இருந்தால் அந்த வழிதான். இல்லையென்றால் ரூ.3 லட்சத்துக்கு மேல் என்பதால் இது வணிக வழக்காகும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காதவரை சமரச முயற்சிக்குப் பிறகே தாக்கல் செய்ய முடியும். காலக்கெடு பொதுவாக 3 ஆண்டு. சைட் கடலூரில் இருப்பதால் அங்கேயே வழக்குப் போடலாம். மெயின் கான்ட்ராக்டரின் அலுவலகம் புதுச்சேரியில் என்றால் இங்கேயும் போடலாம், ஒர்க் ஆர்டர் வேறு ஊர் நீதிமன்றத்தைக் குறிப்பிடாத வரை.