டேட்டாபேஸ் கேள்வி பதில்: ஸ்டாண்ட்பையை புரமோட் செய்தாச்சு, அப்புறம்?

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பிரைமரி (மாற்றங்களை எழுதும் முதன்மை சர்வர்) விழுந்துவிட்டதால் ஸ்டாண்ட்பையை (அதன் நகலாகத் தயாராக நிற்கும் சர்வர்) புரமோட் செய்தோம், அதாவது அதையே புது பிரைமரி ஆக்கினோம். செலக்ட் எல்லாம் ஓடுகிறது, இன்சர்ட் கொடுத்தால் மட்டும் அப்படியே நிற்கிறது. பிழைச் செய்திகூட வரவில்லை. டேட்டா கெட்டுப்போய்விட்டதா?

பதில்: டேட்டாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 'சிங்க்ரனஸ்_ஸ்டாண்ட்பை_நேம்ஸ்' என்ற செட்டிங்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு சர்வருக்கும் ஒரே கான்ஃபிக் ஃபைலைப் போட்டுவைப்பது நம் ஆட்களின் வழக்கம். ஸ்டாண்ட்பையாக இருக்கும்வரை இந்த வரி அங்கே சும்மா கிடக்கும், புரமோட் ஆன நிமிஷமே உயிர் வந்துவிடும், 'பெயர் குறிப்பிட்ட ஸ்டாண்ட்பை கைக்கு வந்ததாகச் சொல்லட்டும்' என்று ஒவ்வொரு கமிட்டும் (மாற்றத்தை உறுதிசெய்யும் படி) காத்திருக்கும். ஆனால் அந்தப் பெயரில் இப்போது யாருமே இணைந்திருக்கவில்லையே! 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி'யில் வெயிட் ஈவென்ட் 'சிங்க்ரெப்' என்று தெரிந்தால் இதுதான் காரணம். அந்த வரியைக் காலியாக்கி ரீலோட் செய்தால் போதும், ரீஸ்டார்ட் தேவையில்லை, காத்திருந்தவை எல்லாம் தானாக விடுபடும்.

பதற்றத்தில் கன்ட்ரோல்-சி மட்டும் அடிக்காதீர்கள். காத்திருக்கும் அந்த கமிட் உள்ளூர் டிஸ்கில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. நீங்கள் ரத்து செய்வது காத்திருப்பை மட்டும்தான், டிரான்ஸாக்ஷனை அல்ல. அப்ளிகேஷன் 'தோற்றுவிட்டது' என்று நினைத்து மறுபடி அனுப்பினால் ஒரே ஆர்டர் இரண்டு முறை ஏறிவிடும்.

கேள்வி: எங்கள் ரிப்போர்ட் சர்வர் லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் (டேபிள் மாற்றங்களை சப்ஸ்கிரைபர் என்ற இன்னொரு சர்வருக்கு அனுப்பும் முறை) ஓடுகிறது. புரமோஷனுக்குப் பிறகு புது பிரைமரிக்குத் திருப்பிவிட்டால் 'ஸ்லாட் இல்லை' என்கிறது. பழைய சர்வரில் இருந்ததே, எங்கே போனது?

பதில்: எங்கேயும் போகவில்லை, பழைய சர்வரிலேயே இருக்கிறது. எந்த சப்ஸ்கிரைபர் எதுவரை வாங்கிக்கொண்டான் என்ற கணக்குதான் ஸ்லாட். டேபிள்கள் ஸ்டாண்ட்பைக்குப் போவதுபோல இந்தக் கணக்கு வால் ஃபைல் (WAL, மாற்றங்களை வரிசையாகப் பதியும் லாக்) வழியாகப் போவதில்லை. பேஸ் பேக்கப்பும் (சர்வர் முழுவதையும் எடுக்கும் காப்பி) இதை விட்டுவிடும். அதே பெயரில் புது ஸ்லாட் உருவாக்கினால் பிழை மறையும், சரிதான், ஆனால் அது உருவான இடத்திலிருந்துதான் மாற்றங்களைத் தரும். நடுவில் எழுதப்பட்டவை ரிப்போர்ட் சர்வருக்கு வரவே வராது, அதை யாரும் சொல்லவும் மாட்டார்கள். எனவே 16 அல்லது அதற்கு முந்தைய பதிப்பு என்றால், சப்ஸ்கிரைபர் டேபிள்களைக் காலி செய்து முழுதாக மறுபடி காப்பி எடுப்பதே நிம்மதி.

2024இல் வந்த 17ஆம் பதிப்பில் இதற்கு வழி இருக்கிறது. சப்ஸ்கிரிப்ஷனில் 'ஃபெயில்ஓவர்' ஆப்ஷனையும், ஸ்டாண்ட்பையில் 'சிங்க்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ்', 'ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக்' இரண்டையும் ஆன் செய்ய வேண்டும். ஸ்டாண்ட்பைக்கென்று ஒரு ஃபிஸிக்கல் ஸ்லாட் (ஸ்டாண்ட்பை எதுவரை வால் வாங்கியது என்ற கணக்கு) வேண்டும், ஸ்டாண்ட்பையின் 'பிரைமரி_கான்இன்ஃபோ'வில் (பிரைமரியோடு இணையும் விவரம்) டேட்டாபேஸ் பெயரும் இருக்க வேண்டும் (பலர் மறப்பது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்). பிரைமரியில் 'சிங்க்ரனைஸ்டு_ஸ்டாண்ட்பை_ஸ்லாட்ஸ்' என்பதில் அந்த ஃபிஸிக்கல் ஸ்லாட்டின் பெயரைக் கொடுங்கள். இல்லாவிட்டால் சப்ஸ்கிரைபர் ஸ்டாண்ட்பையை முந்திக்கொண்டு ஓடி, புது பிரைமரிக்கே தெரியாத வரிகளை வைத்திருக்கும். இத்தனையும் செய்துவிட்டு, நாள் நன்றாக இருக்கும்போதே ஸ்டாண்ட்பையில் 'பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ்' வியூவைப் பாருங்கள்: 'சிங்க்டு' ட்ரூ, 'டெம்பரரி' ஃபால்ஸ் என்று இருந்தால்தான் அந்த ஸ்லாட் புரமோஷனைத் தாண்டி உதவும்.

கேள்வி: பழைய பிரைமரி பிழைத்துவிட்டது. அப்படியே ஸ்டாண்ட்பையாக ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: ஒழுங்காக ஷட்டவுன் ஆகி, கடைசி வால் வரை புதியவர் (புது பிரைமரி) வாங்கியிருந்தார் என்றால் செய்யலாம். உங்களுடையது விழுந்த சர்வர் ஆயிற்றே. புரமோட் ஆனதும் புதியவர் டைம்லைன் 2க்கு (வால் வரலாற்றின் புதுக் கிளை) போய் 00000002.ஹிஸ்டரி என்று ஒரு ஃபைல் எழுதியிருப்பார். பழையவர் அந்தப் பிரியும் இடத்தைத் தாண்டி டைம்லைன் 1இல் கொஞ்ச தூரம் எழுதியிருந்தால் சேரவே முடியாது. பழைய சர்வரைப் பிரிந்த இடத்துக்குத் திருப்பும் 'பிஜி_ரீவைண்ட்' கருவியை ஓட்டுங்கள்; அதற்கு டேட்டா செக்சம் அல்லது 'வால்_லாக்_ஹின்ட்ஸ்' முன்பே ஆன் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் புதிதாக பேஸ் பேக்கப்தான். ரீவைண்ட், தாண்டி எழுதிய டிரான்ஸாக்ஷன்களைத் துடைத்துவிடும், எனவே டேட்டா டைரக்டரியை முதலில் ஒரு காப்பி எடுத்துவையுங்கள்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல்லில் 'ஸ்டாப் ரெப்ளிகா' கொடுத்துவிட்டு ரீட்-ஒன்லியை எடுத்துவிட்டால் புரமோஷன் முடிந்ததுதானே?

பதில்: இல்லை. பழைய மாஸ்டரின் (பிரைமரியின்) முகவரி இன்னும் உள்ளே இருக்கிறது. அடுத்த ரீஸ்டார்ட்டில் ரெப்ளிகேஷன் தானாகத் தொடங்கிவிடும். அதற்குள் பழைய மாஸ்டரும் எழுந்திருந்தால் அதிலிருந்து பழைய டிரான்ஸாக்ஷன்களை இழுக்க ஆரம்பிக்கும். 'ரீசெட் ரெப்ளிகா ஆல்' கொடுங்கள், அந்த 'ஆல்' முக்கியம். கான்ஃபிக் ஃபைலில் ரீட்-ஒன்லி வரி இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் அதே ரீஸ்டார்ட்டில் சர்வர் மறுபடி எழுத மறுக்கும்.