மார்ச் 31 தாண்டியும் நிற்கும் பணம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் லுட்செல் கே என்ற டெனே பழங்குடி ஊர் தானே முன்னின்று ஒரு பாதுகாப்புப் பகுதியை அமைத்ததைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். படித்தபின் மூன்று சந்தேகங்கள். முந்நூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் ஊர் 26,000 சதுர கிலோமீட்டரை எப்படிக் காவல் காக்கும்? அரசும் பணம் தருகிறது என்றால் அது அரசுத் திட்டம்தானே? வேட்டை உரிமையையும் வைத்துக்கொண்டு பாதுகாப்பு என்று சொல்வது எப்படி?

க.

அன்புள்ள க.,

பணத்தில் தொடங்குகிறேன். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

கனடா அரசின் நிதியாண்டும் நம்முடையதைப் போலவே மார்ச் 31-இல் முடிகிறது. ஊராரே சம்பளத்துக்குத் தங்கள் நிலத்தைக் கவனிக்கும் பழங்குடிக் காவலர் திட்டங்கள் நெடுங்காலம் ஆண்டு மானியத்தில்தான் ஓடின. புது ஆண்டின் ஒப்புதல் கடிதம் தாமதமாகிக் கோடை நடுவில் வந்தால் என்ன ஆகும்? லுட்செல் கே இருக்கும் கிரேட் ஸ்லேவ் ஏரியின் கிழக்குக் கிளையில் பனிக்கட்டி உடைந்து படகு இறங்குவதே ஜூன் வாக்கில்தான். இலையுதிர் காலக் காற்று கிளம்பிவிட்டால் ஏரிக்குள் போவது ஆபத்து. ஊருக்குச் சாலை கிடையாது. எரிபொருள் கோடையில் சரக்குத் தெப்பத்தில் வந்து இறங்கும்போதே ஆண்டுக் கணக்கைப் போட்டு வாங்கிவைக்க வேண்டும். பணம் வந்து சேரும்போது பருவமும் போயிருக்கும், தெப்பமும் போயிருக்கும்.

ஆள் விஷயம் இதைவிட மோசம். வடக்கே வைரச் சுரங்கங்கள் இருக்கின்றன. இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு, நல்ல சம்பளம். கோடை முழுக்கப் பழக்கிய காவலருக்குக் குளிர்காலத்தில் சம்பளம் இல்லையென்றால் அவர் சுரங்கத்துக்குப் போய்விடுவார். யாரும் குறை சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு புது ஆளுக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். திட்ட அறிக்கைகளில் 'திறன் வளர்ப்பு' என்ற தலைப்பு ஆண்டுதோறும் தவறாமல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

லுட்செல் கே 2008-இல் 'நி ஹத்னி டெனே' என்ற காவலர் குழுவைத் தொடங்கியது. நிலத்தைக் கவனித்திருப்போர் என்று பொருள். 2019 ஆகஸ்டில் பாதுகாப்புப் பகுதியை அமைக்க அரசுகளோடு உடன்படிக்கை கையெழுத்தானபோது கூடவே 3 கோடி கனடா டாலரில் ஓர் அறக்கட்டளை நிதி அமைந்தது. பாதி மத்திய அரசு, பாதி தனியார் நன்கொடை. முதலைக் கரைக்காமல் அதன் வருமானத்தில் வேலை நடக்க வேண்டும். ஆண்டுக்கு 4 சதவீதம் எடுக்கலாம் என்று வைத்துக்கொண்டால் 12 லட்சம் டாலர். பெரிய பணமில்லை. ஆனால் மார்ச் 31 தாண்டியும் நிற்கும், குளிர்காலச் சம்பளத்துக்கும் உதவும். அரசு கொடுத்ததுதான், ஆனால் கொடுத்த கையை விட்டு வெளியே வந்துவிட்டது. மகளுக்குப் போட்ட நகையைப் பிறந்த வீட்டார் வருடாவருடம் எடைபோட்டுப் பார்ப்பதில்லை, அல்லவா?

இந்த முறையை 2024 நவம்பரில் பிரதேசம் முழுக்க விரித்தார்கள். 37.5 கோடி டாலர், அதில் 30 கோடி மத்திய அரசுடையது, மீதி தனியார் கொடை. பழங்குடி அரசுகள், பிரதேச அரசு, மத்திய அரசு, நன்கொடையாளர் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒருவர் பணத்தைக் காட்டி இன்னொருவரை இழுத்தடிக்கும் வழக்கத்துக்கு இதில் இடம் குறைவு.

இனி அதிகாரம். இந்த இடத்தில் பூங்கா வேண்டும் என்று 1969-இல் முதலில் கேட்டது மத்திய அரசு. அன்றைய தலைவர் பியர் கத்தோலிக் கையெழுத்துப் போட மறுத்தார். பூங்கா வந்தால் வேட்டையும் மீன்பிடிப்பும் போகும் என்ற அச்சம் அன்றைய கனடாவில் நியாயமானதே. 1990-களில் வைரம் தேடும் கூட்டம் அந்த நிலமெங்கும் சுரங்க உரிமை கோரி எல்லைக்கோல் நட்டபோது கணக்கு மாறியது. பூங்கா வேண்டாம் என்றிருந்த ஊர், தன் நிபந்தனைகளோடு பேச்சுக்குத் திரும்பியது. 2019 பிப்ரவரியில் ஊர் வாக்கெடுப்பு, 88 சதவீதம் ஆதரவு.

அமைந்த பகுதியின் பெயர் தாய்டெனே நெனே. தாய் என்று நம் காதில் விழுவது தற்செயல்; மூதாதையர் நிலம் என்று பொருள். 26,376 சதுர கி.மீ.யில் 14,305 தேசியப் பூங்கா ஒதுக்கம், 8,906 பிரதேச அரசின் பாதுகாப்புப் பகுதி, 3,165 காட்டுயிர்ப் பகுதி. மூன்றுக்கும் மூன்று சட்டம், எல்லாவற்றின்மேலும் டெனே சட்டம். நிர்வாகக் குழு ஒருமித்த கருத்தோடு முடிவெடுக்க வேண்டும். இது மெதுவாக நகரும். ஆனால் அரசு தரப்பு தனக்கிருக்கும் எண்ணிக்கையை வைத்து ஊரைத் தோற்கடிக்க முடியாது.

காவலுக்கு வருகிறேன். 26,000 சதுர கி.மீ.யையும் யாரும் சுற்றுவதில்லை, சுற்றவும் வேண்டாம். அந்த நிலத்துக்குள் போகும் வழிகள் சில. கிழக்குக் கோடியில் ரிலையன்ஸ் அருகிலிருந்து ஆர்ட்டிலரி ஏரிக்குப் படகைத் தோளில் சுமந்து போகும் பழைய தடம் ஒன்று. லாக்ஹார்ட் ஆற்றின் அருவி ஒன்று, டெனே மக்கள் ஆண்டுதோறும் கூடி வழிபடும் இடம். அப்புறம் காற்றுக்கு ஒதுங்கும் குடாக்கள், பெரிய மீன் கிடைக்கும் இடங்கள். வாசலில் நின்றால் போதும். வருகிறவரிடம் எங்கே தங்கலாம், எங்கே கூடாது என்று சொல்வார்கள், எத்தனை மீன் பிடித்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள்.

மீன் கணக்கு ஏன்? இந்தக் குளிர்ந்த நீரில் ஏரி ட்ரவுட் என்ற மீன் மிக மெதுவாக வளரும். படம் எடுத்து மாட்டத் தகுந்த மீன் பல பத்தாண்டு வயதான முட்டைத்தாய். அது போனால் அந்த இடம் நிரம்ப ஒரு தலைமுறை ஆகும். வயதறிய மீனின் தலைக்குள்ளிருக்கும் காதுக்கல்லை எடுத்து, குறுக்கே வெட்டி, மர வளையம் எண்ணுவதுபோல எண்ணுவார்கள். நீளம், எடை, பாதரசச் சோதனைக்கு ஒரு துண்டு சதை. மீதி முதியவர் வீட்டு அடுப்புக்குப் போகும்.

காவலர்கள் சோதனைக்கு நீரும் எடுப்பார்கள். தவறுவது பெரும்பாலும் சின்ன இடங்களில். ஆண்டுதோறும் ஒரே புள்ளியில் எடுக்காத நீர் மாதிரி ஒப்பிட உதவாது. மாதிரி தெற்கே ஆய்வகத்துக்கு விமானத்தில் போக வேண்டும். பனிமூட்டத்தில் விமானம் நின்று இரண்டு நாள் கழிந்தால் சில சோதனைகளுக்கு அது பயன்படாது. முடிவு ஊருக்குத் திரும்பி வருமா என்பது இன்னொன்று. தரவு யாருடையது என்பதை முதல் மாதிரி எடுக்குமுன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வேட்டை. காரிபூ என்பது வடக்கின் கலைமான். அதில் பாதர்ஸ்ட் என்ற மந்தை 1986-இல் 4.5 லட்சத்துக்கு மேல். 2018-இல் சுமார் 8,200. பனிச்சாலை, சுரங்கம், காட்டுத்தீ, தட்பவெப்பம் என்று காரணங்களை அடுக்கலாம், ஒன்றை மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது. அந்த மந்தைக்கு இப்போது நகரும் தடை வலயம் உண்டு. இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிய மான்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி வாரம் ஒருமுறை எல்லையைப் புதிதாக வரைகிறார்கள். உள்ளே யாரும் சுடக்கூடாது, பழங்குடியினர் உட்பட. குளிர்காலத்தில் வேறு மந்தைகளும் கலந்து நிற்கும். கண்ணால் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. எனவே போன வாரத்து வரைபடத்தை நம்பிப் போனவர் மாட்டிக்கொள்வார். லுட்செல் கே தனக்கென்று ஒரு காரிபூ நெறித் திட்டமும் வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் மூன்றாவது கேள்வியை நான் மாற்றிக் கேட்பேன்: கட்டுப்பாடு யார் கையில்?

அது எளிதில் தீராத கேள்வி. 2022 செப்டம்பரில் பிரதேச அரசின் காட்டுயிர் அதிகாரிகள், தாய்டெனே நெனேவுக்குள்ளேயே டெனே குடும்பங்கள் நடத்திய பண்பாட்டு முகாமை, சட்டமீறி மான் வேட்டையாடினார்கள் என்ற சந்தேகத்தில் சோதனையிட்டார்கள். ஊர் கொதித்தது. ஒருமித்து ஆள்வதாக எழுதிய மை காய்ந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. நிதி ஒப்பந்தத்தில் எல்லா ஓட்டையையும் அடைத்தவர்கள், சந்தேகம் வந்தால் முதலில் ஊருக்குத் தொலைபேசியில் சொல்வதா, நேரே முகாமுக்குப் போவதா என்ற இந்த இடத்தில் சறுக்கிவிட்டார்கள்.