மழை பெய்தும் கண்மாய் வற்றுகிறதே, இது வறட்சியா?

கேள்வி: எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம். போன ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குக் குறைவில்லை. ஆனாலும் மாசி பிறப்பதற்குள் கண்மாய் வற்றிவிட்டது. கூடு கட்டிய நாரைகள் குஞ்சு பறப்பதற்கு முன்பே போய்விட்டன. கரையோர நாவல் மரங்கள் உச்சியிலிருந்து காய்கின்றன. செயற்கைக்கோள் படத்திலோ ஊர் பச்சையாகத்தான் இருக்கிறது. இதை வறட்சி என்று சொல்லலாமா? ஊர்க்காரர்களே கண்காணிக்க வழி உண்டா?

பதில்: வறட்சிதான், ஆனால் நிவாரணக் கணக்கில் ஏறாத வறட்சி. மழை அளவையும் பயிர்ச் சேதத்தையும் பார்த்து அறிவிப்பது ஒரு வகை. மரம், புல், மீன், பறவை ஆகியவற்றுக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய நாள்வரை தண்ணீர் கிடைக்காமல், அவை தாங்கும் எல்லையைத் தாண்டிப் போவது இன்னொரு வகை. இதைச் சூழலியல் வறட்சி என்கிறார்கள். 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தபோது அது வறட்சி என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்கள் ஊரில் நடப்பது ஓசையில்லாமல் வருவது.

மொத்த மழையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 400 மி.மீ. மழை இருபத்தைந்து நாளில் பெய்வதும் நான்கு நாளில் கொட்டுவதும் ஒன்றல்ல. கொட்டும் மழையில் பெரும்பகுதி கலுங்கு (உபரிநீர் வெளியேறும் வழி) வழியாக ஓடிவிடும். நீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் அடைபட்டிருந்தால் கண்மாய்க்கே வராது. அதன்பிறகு வரும் வெயிலும் முன்னைப்போல் இல்லை. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரத்தை மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும்தான் எடுக்கும்.

அதனால் மி.மீ. கணக்கோடு மழை நாள் கணக்கும் எழுதுங்கள். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது மழை நாள். மழையை அளக்க, பக்கம் நேராக, அடி தட்டையாக உள்ள டப்பா போதும். வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருக்கவேண்டும். பக்கத்து மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைத்து, தினமும் காலை 8.30-க்கு அளந்து கொட்டிவிடுங்கள்.

அதைவிட முக்கியம் மடைச்சுவரில் ஓர் அளவுகோல். 10 செ.மீ.க்கு ஒரு கோடு பெயின்ட்டில் போட்டு, வாரம் ஒருநாள் காலையில் நீர்மட்டத்தைக் குறியுங்கள். மழையில்லாமல், மடை மூடியிருக்கும் ஒரு வாரத்தில் மட்டம் 105 மி.மீ. இறங்கினால், நாளுக்கு 15 மி.மீ. தை மாதத்தில் வெயிலுக்கு 4 மி.மீ. அளவு போகும் என்று வைத்துக்கொள்ளலாம். சித்திரையில் 6, 7 வரை போகும். மிச்சம் 11 மி.மீ. எங்கே? கசிவு, அல்லது இரவில் ஓடும் டீசல் இன்ஜின். டிசம்பர் நடுவில் 1.2 மீட்டர் தண்ணீர் இருந்தால், நாளுக்கு 10 மி.மீ. இறங்கும்போது 120 நாள், அதாவது ஏப்ரல் நடுவரை நிற்கும். 15 மி.மீ. இறங்கினால் 80 நாள்தான். மார்ச் தொடக்கத்தில் தரை தெரியும். நாரைக் குஞ்சுகளின் கதி அந்த நாற்பது நாளில் இருக்கிறது. கசிவு எல்லாமே நட்டமல்ல, கிணற்றுக்குப் போகும் கசிவு வரவுதான். பக்கத்துக் கிணறு ஒன்றின் மட்டத்தையும் மோட்டார் போடும் முன் அளந்து எழுதினால் எது வரவு, எது நட்டம் என்று தெரிந்துவிடும்.

இனி அந்தப் பச்சைப் படம். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள் இலவசம்; 5 நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் துல்லியத்தில் கிடைக்கும். என்.டி.வி.ஐ. என்ற பசுமைக் குறியீட்டை எடுத்து, இதே மாதத்தில் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடவேண்டும். அந்த ஆண்டுகளில் ஆகக் குறைந்தது 0.20, ஆகக் கூடியது 0.50, இந்த ஆண்டு 0.29 என்றால், 0.09-ஐ 0.30-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 30. ஒன்றிய அரசின் 2016 வறட்சிக் கையேட்டின்படி இந்த எண் 40-க்குக் கீழே இருந்தால் செடிகொடிகளின் நிலை மோசம். ஆனால் உங்கள் பக்கத்தில் இந்தக் கணக்கை முழு ஊருக்கும் போட்டால் பொய் சொல்லும். காரணம் சீமைக்கருவேலம். ஆழ வேர் விட்டுப் புல்லெல்லாம் கருகிய பிறகும் அது பச்சையாகவே நிற்கும். நேரில் நடந்து போய் சீமைக்கருவேலத் திட்டுகளை வரைபடத்தில் தனியே குறித்து, அவற்றை விட்டுவிட்டு மேய்ச்சல் தரையையும் நாட்டு மரங்களையும் மட்டும் கணக்கிடுங்கள். நீர்ப்பரப்பையும் விலக்குங்கள், அது குறியீட்டைக் கீழே இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்தால் சென்டினல்-1 ரேடார் படத்தில் நீர்ப்பரப்பைப் பார்க்கலாம். மரங்களைப் பொறுத்தவரை படத்தைவிடக் கண் நம்பகமானது: பத்து நாவல் மரங்களுக்கு எண் எழுதி, உச்சிக்கிளையில் எத்தனை பங்கு காய்ந்தது என்று பங்குனியிலும் ஆவணியிலும் குறித்தால் போதும்.

செய்யவேண்டியதில் முதலாவது வரத்துக்கால். புரட்டாசி பிறக்கும் முன் தூர்வார வேண்டும். மழை விழுந்தபின் வாருவதால் அந்த ஆண்டுக்குப் பயனில்லை. அடுத்தது, அளவுகோலில் ஒரு சிவப்புக் கோடு. அதற்குக் கீழே பாசனத்துக்கு இறைப்பதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாக வேண்டும். மீன் குத்தகை எழுதும்போதும் அந்தக் கோட்டைச் சேர்த்து எழுதுங்கள். கடைசி மீனைப் பிடிக்கக் கடைசித் தண்ணீரையும் இறைத்துவிடுவது பல ஊரில் நடக்கிறது.

கண்மாயை ஆழப்படுத்தும்போது கவனம். உள்வாய் (கண்மாயின் உட்பகுதி) முழுவதையும் ஜேசிபி விட்டுத் தோண்டினால், அடியில் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் களி அடுக்கு உடைந்து மணல் தெரியும்; பிறகு எவ்வளவு நிறைந்தாலும் நிற்காது. கரையை விட்டுத் தள்ளி, மடையின் அடிமட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று மடுக்கள் (ஆழமான பள்ளங்கள்) மட்டும் போதும். மடை அதை எட்டாது என்பதால் கோடையில் மீனுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் மிஞ்சும். தோண்டும் முன் கடப்பாரையால் குழி போட்டு, களி எத்தனை அடி கனம் என்று பார்த்துவிடுங்கள்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் தூரிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, தரைக்குக் கீழே ஓரடி வரை தூரோடு பெயர்க்கவேண்டும். கூடு உள்ள மரங்களைப் பறவைகள் போகும்வரை தொடாதீர்கள். மொத்தத்தையும் ஒரே ஆண்டில் அழிக்கவும் வேண்டாம். எடுத்த இடத்தில் அதே ஐப்பசியில் நாட்டுக் கருவேல், உடை ஆகிய மரங்களையும், கரையில் பனங்கொட்டையையும் வைக்கவேண்டும். ஆடு மாடு சீமைக்கருவேலக் காய் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பும் என்பதால், அதன் புதுக் கன்றுகளை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கையால் பிடுங்கவேண்டும், குறைந்தது மூன்று ஆண்டு.