அம்பது வயசுக்கு மேல ஒருத்தி கெட்டுப்போவாளா?

கேள்வி: வணக்கம் அக்கா. எங்க லயத்துல ஒரு அத்தை, 52 வயசு, பால்மரம் சீவியே பிள்ளைங்கள வளத்தவங்க. பேங்க் கார்டையும் பின் நம்பரையும் 500 வெள்ளிக்கு யாருக்கோ குடுத்துட்டாங்க, அதுல ஸ்கேம் காசு போயிருக்கு, போலீஸ் பிடிச்சிருச்சு. "சின்னதுலயே அவ அப்படித்தான் இருந்திருப்பா, இப்பதான் மாட்டிக்கிட்டா"ன்னு பேசுறாங்க. நெசமா?

- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பேசுறவங்க வாய்க்கு வரி இல்லல்ல தங்கச்சி. நியூசிலாந்துல டனீடின் ஊர்ல 1972-73ல பொறந்த ஆயிரம் பிள்ளைங்கள வளர வளர தொடர்ந்து கவனிச்சிட்டே வந்தாங்க, அதுல சின்னதுலேர்ந்து பெரியாளாகியும் விடாம வம்பு பண்றவங்கள எண்ணி பாத்தா பத்து ஆம்பளைக்கு ஒரு பொம்பளைதான் வருது, ஆனா டீனேஜ்ல மட்டும் கூட்டாளிங்களோட சேர்ந்து ஆட்டம் போட்டுட்டு அப்புறம் அடங்குற கூட்டத்துல மூணு பையனுக்கு ரெண்டு பொண்ணு. அதனால பொறந்ததுலேர்ந்தே கெட்டவங்குற கதை பொம்பளைங்களுக்கு ரொம்ப அபூர்வம்.

சரி, இளவயசுல ஒண்ணுமே இல்லாம லேட்டா கேஸ் வாங்குறவங்க? அதுவும் உண்டு. அமெரிக்காவுல நியூ ஹேவன் கோர்ட்டுக்கு வந்த 40 பொம்பளைங்க கதைய குற்றவியல் ஆய்வாளர் கேத்லீன் டேலி ஒவ்வொண்ணா படிச்சு 1992ல எழுதுனாங்க. சின்ன வயசுல அடி வாங்குனவங்க, புருஷன் கொடுமைல திருப்பி அடிச்சவங்க, வீட்டு ஆளுங்களோட போதைப்பொருள் வியாபாரத்துல சிக்குனவங்கன்னு பல வழி, அதுல போதையும் இல்ல அடிதடியும் இல்ல, வெறும் காசுக்காக வந்தவங்களும் தனியா ஒரு கூட்டம். உங்க அத்தை அந்த வகைதான்னு எனக்குப் படுது. மழ காலத்துல மரம் சீவ முடியாது, கையில காசு இருக்காது, வட்டிக்கு விடுற ஆலோங் வாசல்ல நிப்பான், அப்ப யாராச்சும் "கார்டு மட்டும் குடுங்க அத்தை, ஒண்ணும் ஆகாது"ன்னா 500 வெள்ளி பெருசாத்தான் தெரியும்.

அதுக்காக தப்பு இல்லன்னு சொல்ல மாட்டேன். ஏமாந்த ஆளுக்கும் அது சேத்து வச்ச காசு. 2024ல மலேசியாவுல தண்டனைச் சட்டத்த திருத்தி நம்ம அக்கவுண்ட்ட அடுத்தவன் கையில குடுக்குறதையே குற்றமாக்கிட்டாங்க, "எனக்குத் தெரியாது"ன்னு சும்மா நழுவ முடியாது. பிடிபட்ட மலேசியர்களுக்கு தேசிய சட்ட உதவி அறவாரியத்துல ஓசியிலயே வக்கீல் கெடைக்கும், அவர கேக்காம அத்தைய எதுலயும் கையெழுத்து போட வேணான்னு சொல்லுங்க. கார்டு வாங்குனவனோட வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்கவும் வேணாம்.