சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கியா?

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் நடத்துகிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. இரவு 11 மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு அன்றைய வசூலோடு தனியாகக் காருக்கு நடக்க வேண்டும். சட்டைக்குள் மறைவாக வைத்துக்கொள்ள ஒரு பிஸ்டல் வாங்கலாமென்று இருக்கிறேன். இதுவரை துப்பாக்கி சுட்டதில்லை, கையும் சிறியது. கடைக்காரர் உள்ளங்கையில் அடங்கும், .380 அளவுத் தோட்டா போடும் ஒரு பிஸ்டலைக் காட்டி, "சின்னக் கைக்கு இதுதான் சரி" என்கிறார். வீட்டில் 6 வயது மகள் இருக்கிறாள். எதை வாங்கலாம்?

பதில்: கடைக்காரர் சொல்வது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாகச் சுடப் பழகுகிறவர்களுக்கு நான் வேண்டாமென்று முதலில் சொல்வது அந்த அளவுத் துப்பாக்கியைத்தான்.

காரணம் எடை. ரூகர் எல்சிபி போன்ற .380 பிஸ்டல் தோட்டா இல்லாமல் 300 கிராம்கூட வராது. தோட்டா வெடிக்கும்போது பின்னால் வரும் உதையைத் தாங்கிக்கொள்ள அதில் கனமே இல்லை, மொத்தமும் உங்கள் கைக்குத்தான் வந்து சேரும். பிடியும் குட்டையாக இருப்பதால் இரண்டு விரல்தான் சுற்றிப் பிடிக்கும், சுண்டுவிரல் காற்றில் தொங்கும். என் வகுப்புக்கு அப்படி ஒன்றோடு வந்தவர் 7 கஜ தூரத்தில் முதல் ஐந்து குண்டுகளை ஓரளவு ஒழுங்காகவே போட்டார். இருபதாவது குண்டு வருவதற்குள் விசையை அழுத்துவதற்கு முன்பே அவர் கண் மூட ஆரம்பித்துவிட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிவந்துபோயிருந்தது. அப்புறம் அவர் பயிற்சிக்கு வருவதையே தள்ளிப்போட்டார். சுட்டுப் பழகாத துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவது உங்களுக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. இந்தச் சிறிய பிஸ்டல்கள் கைதேர்ந்தவர்களுக்கானவை. புதியவருக்கு ஏற்றது ஒரு படி பெரியது.

அந்த ஒரு படி பெரிய வகையில் இப்போது நல்ல சாமான்கள் கிடைக்கின்றன. முன்பெல்லாம் ஒல்லியான 9 எம்எம் பிஸ்டல் வேண்டுமென்றால் தோட்டா எண்ணிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டும். 2015-இல் வந்த கிளாக் 43-இல் மேகசினுக்கு, அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டுக்கு, 6 தோட்டாதான். 2018-இல் சிக் சாயர் பி365 வந்தபோது கிட்டத்தட்ட அதே உருவத்தில் 10 தோட்டா அடங்கியது. மேகசினுக்குள் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக நிற்காமல் கொஞ்சம் இடம்வலமாக விலகி அடுக்கப்பட்டிருப்பதுதான் அதன் சூட்சுமம். அதற்கப்புறம் மற்ற கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. 2019-இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், 2021-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ப்ளஸ். 2019-இல் வந்த கிளாக் 43எக்ஸ் அதே ஒல்லி உடம்பில் முழு நீளப் பிடியோடு 10 தோட்டா கொள்ளும்.

நீங்கள் கிளாக் 43எக்ஸ், ஷீல்டு ப்ளஸ், பி365 ஆகிய மூன்றையும் ஒரே நாளில் கையில் எடுத்துப் பாருங்கள். டெக்சாஸில் பல சுடுதளங்களில் வாடகைக்குத் துப்பாக்கி கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 50 குண்டு சுட்டால் போதும், உங்கள் கையே சொல்லிவிடும். என் ஊகம், 43எக்ஸ் அல்லது ஷீல்டு ப்ளஸில் வந்து நிற்பீர்கள்.

கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி. தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, பாதுகாப்பான பக்கம் திருப்பி, பிடியை முடிந்த அளவு மேலே தள்ளிப் பிடியுங்கள். குழல் உங்கள் முன்கையோடு ஒரே கோட்டில் இருக்கும்போது ஆள்காட்டி விரலின் முதல் கணு, அதாவது நகத்துக்குப் பின்புறமுள்ள சதை, விசையின் நடுவில் உட்கார வேண்டும். விசையை எட்டுவதற்காகத் துப்பாக்கியைக் கையில் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தால் அது உங்களுக்குப் பெரியது. அடுத்து ஸ்லைடை, அதாவது குழலை மூடியபடி முன்பின் நகரும் மேல்பாகத்தை, இழுத்துப் பாருங்கள். இரண்டு விரல் நுனியால் கிள்ளி இழுக்காமல் முழு உள்ளங்கையால் மேலிருந்து கவ்விப் பிடித்து, மறுகையால் துப்பாக்கியை முன்னே தள்ளுங்கள். முடியவில்லை என்று நினைத்த பலருக்கும் இப்படிச் செய்ததும் வந்துவிடுகிறது. அப்படியும் கஷ்டமாக இருந்தால் ஸ்லைடு இலகுவாக நகரும்படி செய்யப்பட்ட ஷீல்டு ஈஸி இருக்கிறது, 9 எம்எம்மிலேயே கிடைக்கும்.

மறைப்பது பற்றி எல்லாரும் குழல் நீளத்தைப் பார்க்கிறார்கள். உண்மையில் காட்டிக்கொடுப்பது பிடிதான். குழல் பேன்ட்டுக்குள் இறங்கிவிடும். பிடியின் நுனிதான் நீங்கள் குனியும்போது சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கட்டம் போட்ட சட்டையைக் கொஞ்சம் தளர்வாக, வெளியே விட்டுப் போட்டால் அந்த மேடு தெரியாது. மெல்லிய ஒரே நிற டி-ஷர்ட்டில் நன்றாகத் தெரியும். வளையாத தடித்த பெல்ட் வேண்டும், சாதாரண பெல்ட் துப்பாக்கி எடையில் தொய்ந்து பிடியை வெளியே சாய்த்துவிடும். ஆரம்பத்தில் வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். தொப்புளுக்குக் கீழே முன்பக்கம் வைக்கும் முறை வேகமானதுதான். ஆனால் குழல் தொடையைப் பார்த்தபடி இருக்கும், நன்றாகக் கை பழகும்வரை அது வேண்டாம்.

ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. அந்தத் துப்பாக்கி மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர் வாங்குங்கள். விசைப் பகுதி முழுவதும் மூடியிருக்க வேண்டும், துப்பாக்கியை உருவிய பிறகும் வாய் திறந்தே இருக்க வேண்டும். வாய் சுருங்கும் துணி ஹோல்ஸ்டர் வேண்டாம். திரும்பச் செருகும்போதுதான் விபத்து நடக்கிறது. சட்டை நுனி உள்ளே மடிந்து விசையில் சிக்கினால் போதும், வெடித்துவிடும். அதனால் சட்டையை இடது கையால் மார்புவரை தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்து, மெதுவாகச் செருகுங்கள். அவசரமாகச் செருக எந்தத் தேவையும் வராது.

பையில் மட்டும் வைக்காதீர்கள், அது கைப்பையானாலும் வசூல் பையானாலும். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹேடனில், கடைக்குச் சாமான் வாங்க வந்த ஒரு தாயின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்தது அவருடைய இரண்டு வயதுக் குழந்தை. அது வெடித்துத் தாய் இறந்துபோனார். உங்கள் வீட்டிலும் குழந்தை இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

தோட்டா 9 எம்எம் போதும். அமெரிக்காவின் எஃப்பிஐயே அதைவிடப் பெரிய .40 தோட்டாவை விட்டு 9 எம்எம்முக்குத் திரும்பிவிட்டது. பயிற்சிக்குச் சாதாரண ஃபுல் மெட்டல் ஜாக்கெட் (உலோக உறை போட்ட குண்டு), இடுப்பில் வைக்க ஹாலோ பாயின்ட் (நுனியில் குழி உள்ள குண்டு). ஹாலோ பாயின்ட் உடம்புக்குள் விரிந்து வேகம் குறைவதால் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்பவரைத் தாக்கும் வாய்ப்பு குறைவு. வாங்கியதும் 200 பயிற்சித் தோட்டாவும் 50 ஹாலோ பாயின்ட்டும் சிக்காமல் ஓடிய பிறகே அந்தத் துப்பாக்கியை நம்புங்கள்.

சட்டத்துக்கு வருவோம். கிரீன் கார்டு இருப்பதால் நீங்கள் வாங்கலாம். கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். எச்-1பி விசாவில் இருக்கும் நண்பருக்காக வாங்கிக் கொடுக்காதீர்கள், அவர் கையில் கொடுத்தும் பார்க்காதீர்கள். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் லைசென்ஸ் வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்தியச் சட்டத்தில் அந்த மாநிலத்தின் லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் விலக்கு, மகளைப் பள்ளியில் விடப் போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. விலக்கு இருக்கிறது என்பதற்காகத் துப்பாக்கியோடு பள்ளிக் கட்டிடத்துக்குள் நுழையக் கூடாது. லைசென்ஸுக்கு 4 முதல் 6 மணி நேர வகுப்பும் 50 குண்டு சுடும் தேர்வும் உண்டு. 51 சதவீதம் என்று சிவப்பில் எழுதிய பாருக்குள், அதாவது வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வரும் இடத்துக்குள், துப்பாக்கியோடு போகக் கூடாது. வேறு இடங்களிலும் வாசலில் துப்பாக்கியோடு நுழையத் தடை சொல்லும் 30.05, 30.06, 30.07 என்ற சட்டப் பிரிவு எண்ணுள்ள பலகை இருக்கிறதா என்று பாருங்கள், கோயிலாக இருந்தாலும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பணத்தைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். துப்பாக்கி உங்கள் உயிருக்கு, வசூலுக்கு இல்லை. கார் நிற்கும் இடத்தில் பிரகாசமான விளக்கு போடுங்கள், பூட்டும் நேரத்தில் இன்னொரு ஆளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், வசூலை பகலிலேயே வங்கியில் கட்டுங்கள். இந்த மூன்றும் எந்த பிஸ்டலையும்விட அதிகம் உதவும். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால் துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். இந்த நாட்டில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள்.

மகள் விஷயம். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தோட்டா போட்ட துப்பாக்கியை எடுக்கும்படி கவனக்குறைவாக விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம். அலமாரி உச்சி, தலையணைக்கடி எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடங்கள். எண் அழுத்தித் திறக்கும் சிறிய இரும்புப் பெட்டியை, துப்பாக்கி வாங்கும் அன்றே சேர்த்து வாங்கிக் கட்டிலோரம் திருகாணி போட்டுப் பொருத்துங்கள். இரவு வந்ததும் பெல்ட்டிலிருந்து ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றி, துப்பாக்கியை உருவாமல் அப்படியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். கை கழுவுவது, சாப்பிடுவது எல்லாம் அதற்கு அப்புறம்.