புது டேட்டா சென்டரில் சர்வர்களுக்கு எந்த வரிசையில் பெயர் வைக்கலாம்?

முதலில் எத்தனை சர்வர் வரும் என்று பாருங்கள். கோள்கள் என்று ஆரம்பித்தால் எட்டோடு தீர்ந்துவிடும். நட்சத்திரங்கள் 27 இருக்கின்றனவே என்று நாங்கள் அதை எடுத்தோம். பூரம், பூராடம், பூரட்டாதி மூன்றும் ஒரே ரேக்கில். ராத்திரி 2 மணிக்கு ஃபோனில் "பூராடத்தை ரீபூட் பண்ணு" என்றேன். பையன் பூரட்டாதியைப் பண்ணிவிட்டான். அதில்தான் பில்லிங் ஓடிக்கொண்டிருந்தது. உத்திரம், உத்திராடம், உத்திரட்டாதி வேறு காத்திருந்தன!

ஆகவே காதில் குழம்பாத, சின்னப் பெயர்கள்தான் முக்கியம். அப்புறம் ஸ்பெல்லிங். தாமிரபரணியை ஆங்கில எழுத்தில் நான்கு பேர் நான்கு விதமாக அடிப்பார்கள். மயில், வைரம் மாதிரியானவற்றுக்கும் ஒரே எழுத்துமுறையை முதல் நாளே முடிவு செய்து எழுதி வையுங்கள். எழுத்து, எண், ஹைஃபன் மட்டும், அண்டர்ஸ்கோர் வேண்டாம். டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒரு பகுதிக்கு 63 எழுத்து வரை இடம் உண்டு, ஆனால் விண்டோஸ் உள் நெட்வொர்க்கில் மெஷினை அடையாளம் காணும் பழைய நெட்பயாஸ் பெயர் 15 எழுத்திலேயே நின்றுவிடும்.

வேலையைப் பெயராக வைக்காதீர்கள். கணினிக்குப் பெயர் வைப்பது பற்றி 1990-இல் வந்த இணைய ஆவணமான ஆர்எஃப்சி 1178-உம் இதைத்தான் சொல்கிறது. 'மெயில்' என்று வைத்த மெஷினில் நாளை பேக்கப் ஓடும். மெஷினுக்கு 'மயில்' என்று வைத்து, 'மெயில்' என்பதை சிநேம் (CNAME, டிஎன்எஸ்ஸில் வைக்கும் மாற்றுப்பெயர்) ஆகக் காட்டுங்கள். சரி, இந்த இரண்டையும் ஃபோனில் சொல்லிப் பாருங்கள், 'மயில்' வேண்டாம், 'கொக்கு' என்றே வைத்துவிடுங்கள்.

ஐம்பதைத் தாண்டும் என்றால் அழகை விட்டுவிட்டு ஊர்க்குறியும் எண்ணும்தான்.